இஞ்சின் தட்டும்போது காது கொடுங்கள்

(தோட்டக் கிளையின் மாலை வகுப்பில் பழைய பிட்டர் ஒருவர் ஆற்றிய உரை)



"இன்றைக்கு டிராக்டர் இஞ்சினைப் பற்றிப் பேசுங்கள்" என்று செயலாளர் கேட்டுக் கொண்டபோது, "கேட்க வருகிறவர்கள் பெரும்பாலும் உளி பிடிக்கிறவர்களும் பேனா பிடிக்கிறவர்களும், ஸ்பேனர் பிடிக்கிறவர்கள் இரண்டு பேர்கூட இருக்க மாட்டார்களே" என்றேன். அவர் சிரித்தார். "டிராக்டர் நின்றால் யார் வயிறு காயும் என்பதைச் சொல்லிவிட்டு ஆரம்பியுங்கள், எல்லாரும் கேட்பார்கள்" என்றார். அவர் சொன்னபடியே ஆரம்பிக்கிறேன்.

இருட்டோடு எழுந்து பெரட்டுக்குப் போகிறோம். நிரை எடுத்து மரம் வெட்டுகிறோம். மங்கில் வடிந்த பாலை வாளியில் சேர்த்து, காண்டாவில் தூக்கி வந்து, நிறுத்துக் கொடுத்து, டாங்கியில் ஊற்றுகிறோம். அதோடு நம் வேலை முடிந்தது என்று நினைக்கிறோம். முடியவில்லை. அந்தப் பால் ஆலைக்குப் பாலாகவே போய்ச் சேர வேண்டும். வெயில் ஏறினால் பால் கட்டத் தொடங்கும். அம்மோனியா கலந்தால் சிறிது நேரம் தாங்கும். ஆனால் அது பாலுக்குக் கொடுக்கும் தவணைதான், உத்தரவாதமல்ல. டாங்கியை இழுக்கும் டிராக்டர் வழியில் படுத்துவிட்டால், காலையில் பாலாக இருந்தது மாலையில் கட்டியாகிவிடும். பாலுக்கு ஒரு விலை, கட்டிக்கு ஒரு விலை என்பது இங்கே இருக்கும் குழந்தைக்குக்கூடத் தெரியும்.

ஆகவே தோழர்களே, அந்த இஞ்சினிலிருந்து வரும் சத்தம் டிரைவருடைய சொந்த விவகாரமல்ல. அது நம் எல்லாருடைய சம்பளத்தின் சத்தம்.

நம் தோட்டங்களில் இப்போது பல ஜாதி டிராக்டர்கள் ஓடுகின்றன. நான் என் வாழ்நாளில் அதிகமாக அவிழ்த்துப் பூட்டியது மாசி பெர்குசன் 135. 1964ஆம் ஆண்டின் கடைசியில் வெளிவந்த மாடல் அது. அதில் பூட்டிய டீசல் இஞ்சின் பெர்கின்ஸ் 3.152. அந்த எண்ணுக்கு என்ன பொருள் என்று கிராணிமார்கள் கேட்கக்கூடும். 3 என்பது சிலிண்டரின் எண்ணிக்கை. 152 என்பது மூன்று சிலிண்டருக்கும் சேர்த்துக் கன அங்குலக் கணக்கு. லிட்டரில் சொன்னால் இரண்டரை. சிலிண்டரின் குறுக்களவு 3.6 அங்குலம், பிஸ்டன் ஏறி இறங்கும் தூரம் 5 அங்குலம். சிலிண்டர்கள் 1, 2, 3 என்று வரிசையாகவே வெடிக்கும். நம் பையன்கள் பழகுவதற்கு இதைவிட நல்ல இஞ்சின் கிடையாது. இந்த இனத்து டிராக்டரையும் இஞ்சினையும் சென்னையிலும் பல ஆண்டுகள் செய்திருக்கிறார்கள். ஆகவே உதிரிச் சாமான் தேடும்போது அந்தத் திசையையும் மறக்க வேண்டாம். நான் இன்று சொல்லப் போவது இந்த இஞ்சினை வைத்துத்தான். ஆனாலும் முறை எல்லா இஞ்சினுக்கும் ஒன்றுதான்.

சத்தம் எங்கே? எப்போது?

டீசல் இஞ்சின் என்றாலே தட்டும். நல்ல இஞ்சினும் தட்டும். நேற்று இல்லாத தட்டல் இன்று இருக்கிறதா என்பதே கேள்வி. அதனால்தான், தினமும் அதே டிராக்டரை ஓட்டுகிற டிரைவரின் காது, எப்போதாவது வருகிற எந்த நிபுணரின் காதையும்விடப் பெரியது என்று நான் சொல்லுவேன்.

சத்தம் கேட்டதும் ஸ்பேனரைத் தூக்காதீர்கள். முதலில் நாலு கேள்வி கேளுங்கள். இஞ்சின் குளிர்ந்திருக்கும்போது வருகிறதா, சூடேறிய பிறகு வருகிறதா? சும்மா ஓடும்போது வருகிறதா, பாரம் இழுக்கும்போது வருகிறதா? மேலிருந்து வருகிறதா, கீழிருந்தா, முன்பக்கமிருந்தா? திடீரென்று வந்ததா, நாளுக்கு நாள் வளர்ந்ததா? இந்த நாலுக்கும் விடை கிடைத்துவிட்டால் பாதி வைத்தியம் முடிந்தது.

பிறகு, காசு செலவில்லாத சோதனையை முதலில் செய்யுங்கள். இஞ்சினை நிறுத்திவிட்டு, விசிறி பெல்ட்டைக் கழற்றி வையுங்கள். திரும்ப ஸ்டார்ட் செய்து ஒரு நிமிடம் மட்டும் ஓட விடுங்கள். தண்ணீர் பம்பு சுற்றாது. ஆகையால் அதற்கு மேல் ஓட்டக்கூடாது. சத்தம் போய்விட்டதா? அப்படியானால் குற்றவாளி தண்ணீர் பம்பின் பேரிங் அல்லது டைனமோவின் பேரிங். சத்தம் போகவில்லையென்றால் கிராங்க் புல்லி லூசாக இருக்கிறதா என்று பாருங்கள். இந்தச் சின்ன சங்கதியைப் பார்க்காமல் முழு இஞ்சினையும் இறக்கிப் போட்டவர்கள் உண்டு.

அடுத்தது, இடம் கண்டுபிடித்தல். டாக்டருக்குக் குழாய் இருப்பதுபோல் நமக்கு நீண்ட ஸ்குரூ டிரைவர். அதன் நுனியை இஞ்சின் மேல் வைத்து, கைப்பிடியைக் காதோடு ஒட்டிக் கேளுங்கள். ஒரு முழ நீள ரப்பர்க் குழாயும் போதும். நம் தோட்டத்து ரப்பரே நமக்கு வைத்தியக் கருவி ஆகட்டும்! ஆனால் ஒன்று. தோளில் துண்டு, இடுப்பில் கைலி, அவிழ்ந்த சட்டைக் கை, இவற்றோடு ஓடுகிற விசிறியின் பக்கம் போகாதீர்கள். விசிறிக்கு யார் எவர் என்று தெரியாது.

சத்தங்களின் குணம்

மேலே மூடிக்குக் கீழே "டிக் டிக்" என்று லேசாக, சீராக, சற்று நிதானமான தாளத்தில் கேட்டால் அது டேப்பெட். வால்வு இடைவெளி கூடிவிட்டது. கிராங்க் இரண்டு சுற்றுச் சுற்றினால்தான் ஒரு வால்வு ஒரு தரம் திறக்கும். அதனால்தான் அதன் தாளம் பாதி வேகம். இது பயப்பட வேண்டிய சத்தமல்ல. சரி செய்யாமல் விட வேண்டிய சத்தமும் அல்ல.

காலையில் குளிரில் மட்டும் மந்தமாகத் தட்டி, சூடேறியதும் அடங்கிவிட்டால், பிஸ்டன் சிலிண்டருக்குள் ஆடுகிறது. தேய்மானம்தான். அது கொஞ்ச நாள் பொறுக்கும். பிஸ்டன் பின்னின் தட்டல் லேசானது. சும்மா ஓடும்போது இரட்டைத் தட்டாகத் தெளிவாகக் கேட்கும்.

கனெக்டிங் ராடின் பெரிய முனைப் பேரிங் தட்டினால் அது கனமான சத்தம். பாரம் இழுக்கும்போதும், வேகத்திலிருந்து திடீரென்று குறைக்கும்போதும் எடுப்பாகக் கேட்கும். சூடேற ஏறக் கூடும். எண்ணெய் அழுத்தக் கடிகாரத்தின் முள்ளும் தாழ்ந்து நிற்கும். இந்தச் சத்தம் கேட்டால் உடனே நிறுத்த வேண்டும். "இந்த ஒரு நடை போய் வந்துவிடுகிறேன்" என்பதே பேச்சாக இருக்கக்கூடாது. அந்த ஒரு நடையில்தான் ராடு முறிந்து, இஞ்சின் பிளாக்கைத் துளைத்துக்கொண்டு வெளியே வரும்.

கிராங்க்கின் மெயின் பேரிங் போனால் சத்தம் அடிவயிற்றிலிருந்து வருவதுபோல் "தொம் தொம்" என்று வரும். பாரத்தில் வண்டியே அதிரும். முன்பக்கத்தில் இரைச்சலும் கரகரப்புமாகக் கேட்டால் டைமிங் பல்சக்கரங்களைச் சந்தேகப்படுங்கள். மூன்று சிலிண்டரும் ஒரே மாதிரி கடுமையாகத் தட்டினால், டீசல் பாயும் நேரம் முந்திவிட்டது என்று சந்தேகப்படுங்கள்.

இனி ஒரு ஏமாற்றுக்காரனைச் சொல்ல வேண்டும். அவன்தான் இஞ்செக்டர். இஞ்செக்டர் ஊசி சிக்கிக்கொண்டால் பேரிங் போனதுபோலவே கடுமையாகத் தட்டும். நல்ல பேரிங்குகளை வீணாகக் கழற்ற வைத்தவன் இவன். இவனைப் பிடிக்க வழி இருக்கிறது.

இஞ்சினை மெதுவாக ஓட விட்டு, ஒவ்வொரு இஞ்செக்டரின் குழாய் நட்டையும் ஒவ்வொன்றாக லேசாகத் தளர்த்துங்கள். தளர்த்திய சிலிண்டரில் வெடிப்பு நிற்கும். பிஸ்டன் தலையில் அடி விழாது. ஆகவே எந்தச் சிலிண்டரைத் தளர்த்தும்போது தட்டல் குறைகிறதோ, நோய் அந்தச் சிலிண்டரில். எதைத் தளர்த்தினாலும் சத்தம் மாறவில்லையென்றால், அது பல்சக்கரமோ, வெளிச் சாமானோ. சரி, இரண்டாம் சிலிண்டர் என்று தெரிந்துவிட்டது. ஆனால் நோய் இஞ்செக்டரிலா, பேரிங்கிலா? இரண்டாவது இஞ்செக்டரையும் முதலாவது இஞ்செக்டரையும் இடம் மாற்றிப் பூட்டுங்கள். தட்டலும் கூடவே முதலாம் சிலிண்டருக்குப் போய்விட்டால் இஞ்செக்டர்தான் குற்றவாளி. தட்டல் இரண்டிலேயே உட்கார்ந்திருந்தால் கீழே இறங்கிப் பார்த்தே ஆக வேண்டும்.

இங்கே ஓர் எச்சரிக்கை. இஞ்செக்டரிலிருந்து பீச்சும் டீசல் கண்ணுக்குப் புகைபோலத் தெரியும். ஆனால் தோலைத் துளைத்துச் சதைக்குள் போகும் வேகம் அதற்கு உண்டு. வெளியே ஊசி குத்தியதுபோல் ஒரு புள்ளிதான் தெரியும். உள்ளே கை அழுகிப்போகும். அப்படி நேர்ந்தால் வலிக்கவில்லையே என்று இருக்காமல் அந்த நேரமே பெரிய ஆஸ்பத்திரிக்குப் போக வேண்டும். டீசல் உள்ளே பாய்ந்தது என்று டாக்டரிடம் சொல்ல வேண்டும். கசிவைத் தேட விரலை நீட்டாதீர்கள். ஒரு அட்டைத் துண்டை நீட்டுங்கள்.

காதுக்கு அடுத்த சாட்சி எண்ணெய். பழைய எண்ணெயை வெள்ளைத் துணியில் வடிகட்டிப் பாருங்கள். செம்பு நிறத்தில் மின்னினால் பேரிங் தேய்கிறது. காந்தத்தில் ஒட்டினால் இரும்புச் சாமான் தேய்கிறது. எண்ணெய் பால்போல் வெளுத்திருந்தால் தண்ணீர் கலந்திருக்கிறது. டீசல் வாடை அடித்து, அளவு ஏறியிருந்தால் டீசல் கலந்து எண்ணெய் நீர்த்துப் போயிருக்கிறது. பேரிங்கைத் தாங்குவது எண்ணெய்ப் படலம். அது நீர்த்தால் இரும்போடு இரும்பு மோதும்.

நான் செய்த பிழை

இவ்வளவும் சொல்கிற நான் பிழையே செய்யாதவன் என்று நினைத்துவிடாதீர்கள். 1978ஆம் ஆண்டில் நடந்ததை மறைக்காமல் சொல்லுகிறேன்.

ஒரு தோட்டத்தில் 135 டிராக்டர் ஒன்றின் இஞ்சினை முழுக்க இறக்கிப் புதுப்பித்தேன். கிராங்க்கைப் பட்டணத்துக்கு அனுப்பிக் கடைந்து வாங்கி, அளவு குறைந்த பேரிங்குகள் போட்டேன். புது லைனர், புதுப் பிஸ்டன். சீக்கிரம் முடிக்க வேண்டும் என்று மேலிடத்து நெருக்கடி. இரவில் மங்கிய விளக்கு வெளிச்சத்தில் பூட்டினேன். எனக்கு உதவியாக ஒரு பையன், பதினேழு வயது, நம் லயத்துப் பிள்ளைதான்.

இரண்டாம் ராடின் மூடியைப் பூட்டி இறுக்கியதும் கிராங்க் கொஞ்சம் பிடித்தது. பையன் சொன்னான்: "அண்ணே, ரெண்டாவது இறுக்குன பெறகுதான் பிடிக்குது. அவுத்துப் பாப்போமா?" நான் என்ன சொன்னேன் தெரியுமா? "புது சாமான்னா பிடிக்கத்தான்டா செய்யும். நேத்து வந்த நீ எனக்குச் சொல்றியா?" என்றேன். பிடியின் நீளத்தைக் கூட்டிச் சுற்றிவிட்டு, சுற்றுகிறது என்று திருப்திப்பட்டேன். பையன் வாயை மூடிக்கொண்டான்.

டிராக்டர் ஓடியது. ஒரு நாள்கூட முழுசாக ஓடவில்லை, தட்ட ஆரம்பித்தது. நான் இஞ்செக்டர்மேல் பழியைப் போட்டேன். இடம் மாற்றிப் பார்த்தேன்; தட்டல் இரண்டிலேயே இருந்தது. எண்ணெய்த் தொட்டியைக் கழற்றிப் பார்த்தபோது என் முகம் கறுத்தது. கனெக்டிங் ராடிலும் அதன் மூடியிலும் சிலிண்டர் எண் குத்தியிருக்கும். இரண்டு எண்ணும் ஒரே பக்கம் இருக்க வேண்டும். நான் பூட்டியதில் ஓர் எண் இந்தப் பக்கம், ஓர் எண் அந்தப் பக்கம். மூடியைத் திருப்பிப் போட்டிருக்கிறேன். ராடையும் மூடியையும் சேர்த்துப் பூட்டித்தான் வட்டமாகக் கடைகிறார்கள். திருப்பிப் போட்டால் வட்டம் வட்டமாக இராது. பேரிங் வழித்துக்கொண்டு போய், கடைந்து வந்த கிராங்க்கிலும் கோடு விழுந்துவிட்டது.

கிராங்க் மறுபடியும் பட்டணம் போய் வரப் பதினொரு நாள். அதற்குள் மூன்று நாள் பால் கட்டியாயிற்று. சம்பள நாளன்று பால்வெட்டுகிற ஓர் அக்காள் என்னைப் பார்த்து, "தம்பி, இந்த மாசம் பிள்ளைக்கு ஸ்கூல் சப்பாத்து வாங்க முடியல" என்று மட்டும் சொன்னார்கள். திட்டவில்லை. திட்டியிருந்தால் மறந்திருப்பேன்.

பையனிடம் போய், "நீ சொன்னதுதான் சரி" என்றேன். அன்றிலிருந்து என் பட்டறையில் ஒரு விதி: வயது எதுவானாலும், "பிடிக்கிறது", "தட்டுகிறது" என்று ஒருவர் சொன்னால் வேலை அங்கேயே நிற்க வேண்டும். அவிழ்த்துப் பார்த்துவிட்டுத்தான் அடுத்த நட்டு.

திரும்பப் பூட்டும் முறை

புதுப்பித்த இஞ்சினைப் பூட்டுவதில் முதல் வேலை சுத்தம், இரண்டாவது வேலை சுத்தம், மூன்றாவதுதான் ஸ்பேனர். பிளாக்கில் எண்ணெய் ஓடும் துளைகளையும், கிராங்க்குக்குள் இருக்கும் துளைகளையும் கம்பித் தூரிகையால் குத்தி, டீசலால் கழுவி, காற்றடித்து விடுங்கள். கிராங்க்கைக் கடைந்தபோது உதிர்ந்த தூள் அந்தத் துளைகளில்தான் ஒளிந்திருக்கும். சுத்தம் செய்யக் கழற்றிய அடைப்புகளை எண்ணி வைத்து, அதே எண்ணிக்கையைத் திரும்பப் போடுங்கள். ஓர் அடைப்பை மறந்தால் எண்ணெய் அழுத்தம் ஏறவே ஏறாது.

கழற்றும்போதே எல்லாவற்றிலும் அடையாளம் போட வேண்டும். எந்த மூடி எந்த ராடுக்கு, எந்த வால்வு எந்த இடத்துக்கு என்று எழுதி வையுங்கள். பேரிங் ஓடுகளை மாட்டும்போது பின்புறமும் அது உட்காரும் இடமும் காய்ந்து சுத்தமாக இருக்க வேண்டும். கிராங்க் தொடும் முன்புறத்தில்தான் எண்ணெய். ஓட்டில் எண்ணெய்த் துளை இருந்தால் பிளாக்கின் துளையோடு ஒத்து வருகிறதா என்று பாருங்கள்.

இந்த இஞ்சினுக்கு நாலு மெயின் பேரிங். ஒன்றை இறுக்கியதும் கிராங்க்கைக் கையால் சுற்றிப் பாருங்கள். அடுத்ததை இறுக்கி, மறுபடியும் சுற்றிப் பாருங்கள். ராடு மூடிகளுக்கும் அப்படியே. எந்த நட்டை இறுக்கியதும் பிடிக்கிறதோ, பிழை அங்கே. எல்லாவற்றையும் இறுக்கிவிட்டுக் கடைசியில் சுற்றிப் பார்ப்பவனுக்குப் பிழை எங்கே என்று தெரியாது. என் பையன் எனக்குச் சொல்லிக் கொடுத்த பாடம் இது.

எவ்வளவு இறுக்குவது என்று கேட்பீர்கள். அதைக் கை அளவுக்கு விடாதீர்கள்; டார்க் ஸ்பேனர் எதற்கு இருக்கிறது? அளவை நான் இங்கே சொல்லப் போவதில்லை. ஒரே மாடலில்கூட நட்டின் வகை மாறினால் அளவு மாறும். இஞ்சின் எண்ணைப் பார்த்து, அதற்குரிய புத்தகத்தில் உள்ள அளவைக் கரும்பலகையில் எழுதி வைத்துக்கொண்டு பூட்டுங்கள். ஆங்கிலம் படிக்கத் தெரிந்த கிராணி ஒருவர் அரை மணி நேரம் பட்டறைக்கு வந்தால், அந்த உதவி லட்சம் பெறும்.

பிஸ்டன் ரிங்குகளின் வாய்கள் ஒன்றுக்கு நேரே ஒன்று வராமல் சுற்றிப் பிரித்து வையுங்கள். பிஸ்டனின் முன்பக்க அடையாளம் முன்னே பார்க்கட்டும். ரிங்கை அமுக்கும் பட்டையை மாட்டி, மரக்கட்டையால் மெல்லத் தள்ளி இறக்குங்கள். தடுத்தால் அடிக்காதீர்கள்; ரிங்கு உடையும்.

டைமிங் பல்சக்கரங்களில் புள்ளி அடையாளங்கள் இருக்கும். முதலாம் பிஸ்டனை மேலே நிறுத்தி, புள்ளிகளை ஒத்து வைத்துப் பூட்டுங்கள். பூட்டியபின் இஞ்சினை இரண்டு சுற்றுச் சுற்றிவிட்டுப் பார்த்தால் புள்ளிகள் ஒத்து வராது. புதியவர்கள் பயந்து திரும்பக் கழற்றுவார்கள். பயம் வேண்டாம். நடுவிலிருக்கும் சக்கரத்தின் பற்களின் எண்ணிக்கையால், பல சுற்றுகளுக்குப் பிறகுதான் அந்தப் புள்ளிகள் மறுபடி சந்திக்கும். பூட்டும்போது ஒத்திருந்தனவா என்பதே முக்கியம். அதை இன்னொருவரையும் கூப்பிட்டுக் காட்டிவிட்டு மூடுங்கள்.

ஹெட் கேஸ்கெட்டில் மேல்பக்கம், முன்பக்கம் என்று எழுதியிருப்பதைப் பார்த்து வையுங்கள். ஹெட் நட்டுகளை நடுவிலிருந்து தொடங்கி வெளிப்பக்கமாக, இரண்டு மூன்று தவணையாக இறுக்குங்கள். ஒரே மூச்சில் ஓரத்திலிருந்து இறுக்கினால் ஹெட் வளையும். பிறகு வால்வு இடைவெளி: 135இல் குளிர்ந்த இஞ்சினுக்கு அங்குலத்தில் ஆயிரத்தில் 12 பங்கு, சூட்டில் 10 பங்கு.

முதல் ஸ்டார்ட்

பூட்டியாகிவிட்டது. அவசரப்படாதீர்கள். நல்ல எண்ணெய் ஊற்றி, நிறுத்தும் கம்பியை இழுத்துப் பிடித்துக்கொண்டு, எண்ணெய் அழுத்த முள் அசையும் வரை ஸ்டார்ட்டரால் சுற்றுங்கள். இடையிடையே ஸ்டார்ட்டருக்கு ஓய்வு கொடுங்கள். டீசல் வழியில் காற்று இருக்கும். வடிகட்டியிலும் பம்பிலும் உள்ள காற்றுத் திருகுகளைத் திறந்து, குமிழி இல்லாத டீசல் வரும் வரை பம்பு அடித்து மூடுங்கள். கடைசியில் இஞ்செக்டர் குழாய்களில் காற்றை வெளியேற்றுங்கள்.

ஸ்டார்ட் செய்யும்போது ஒரு தட்டைப் பலகையைக் கையில் வைத்திருங்கள். பம்பில் பிழையிருந்து இஞ்சின் கட்டுக்கடங்காமல் வேகம் எடுத்தால், காற்று போகும் வாயை அந்தப் பலகையால் அடைத்துவிட வேண்டும். காற்று இல்லாவிட்டால் டீசல் இஞ்சின் நின்றே தீரும். கையால் அடைக்காதீர்கள்.

இஞ்சின் ஓடத் தொடங்கியதும் முதலில் பார்க்க வேண்டியது புகையை அல்ல, எண்ணெய் முள்ளை. முள் எழும்பாவிட்டால் உடனே நிறுத்துங்கள். எல்லாம் சரியென்றால் சூடேற விட்டு, கசிவு பாருங்கள். நாள் முழுக்கச் சும்மா ஓட விடுவதும் தவறு; முதல் நாளே முழு டாங்கியை மேட்டில் இழுக்க விடுவதும் தவறு. லேசான பாரத்தில் பழக்கி, படிப்படியாக ஏற்றுங்கள். புத்தகம் சொல்லுகிற நேரத்தில் ஹெட் நட்டுகளையும் வால்வு இடைவெளியையும் திரும்பப் பாருங்கள். முதல் எண்ணெயைச் சீக்கிரமே மாற்றுங்கள்.

எழுதி வையுங்கள்

கடைசியாக, கிராணித் தோழர்களுக்கும் டிரைவர்களுக்கும் ஒரு வார்த்தை.

வேறொரு தோட்டத்தில் ஒரு டிரைவர், "சத்தம் வருகிறது" என்று மூன்று தரம் வாயால் சொன்னார். "ஓட்டு, பார்த்துக்கொள்ளலாம்" என்று பதில் வந்தது. ஓட்டினார். ராடு முறிந்து பிளாக்கு ஓட்டையானது. "உன் கவனக் குறைவு, சம்பளத்தில் பிடிப்போம்" என்று கடிதம் வந்தது. அவர் சொன்னதற்குச் சாட்சி யார்? ஒருவரும் இல்லை. ஆனால் ஸ்டோர் கிராணி ஒழுங்கானவர். அந்த டிரைவர் அதிக எண்ணெய் கேட்டு வந்த இரண்டு நாளிலும், "இஞ்சின் சத்தம் என்கிறார், எண்ணெய் குறைகிறது என்கிறார்" என்று தம் புத்தகத்தில் தேதியோடு எழுதி வைத்திருந்தார். சங்கக் கிளை அந்தப் பக்கத்தைக் கொண்டுபோய் மேசையில் வைத்தது. கடிதம் திரும்பிப் போயிற்று. இரண்டே வரி, ஒரு குடும்பத்தின் சோற்றைக் காப்பாற்றியது.

1955ஆம் ஆண்டுத் தொழில் சட்டத்தின் 24ஆம் பிரிவு, சட்டம் அனுமதித்த பிடித்தங்களைத் தவிர வேறெதையும் சம்பளத்தில் பிடிக்கக் கூடாது என்கிறது. 1994ஆம் ஆண்டு வேலையிடப் பாதுகாப்பு, சுகாதாரச் சட்டம் 2022இல் திருத்தப்பட்டு, 2024 ஜூன் முதல் தேதியிலிருந்து நடைமுறைக்கு வந்திருக்கிறது. உடனடி அபாயம் இருக்கிறதென்று நியாயமாக நம்பும் தொழிலாளி, சொல்லியும் முதலாளி அதை நீக்காவிட்டால், அந்த வேலையிலிருந்து விலகிக்கொள்ளும் உரிமையை அது தருகிறது. உரிமை இருக்கிறது, ஆனால் "சொன்னேன்" என்பதற்குச் சான்று வேண்டும். ஆகவே ஒவ்வொரு டிராக்டருக்கும் ஒரு நோட்டுப் புத்தகம் இருக்கட்டும். ஓடிய மணி, ஊற்றிய எண்ணெய், கேட்ட சத்தம், யாரிடம் சொன்னோம், என்ன பதில் வந்தது, இவ்வளவுதான். எழுதத் தெரியாத டிரைவருக்குக் கிராணி எழுதிக் கொடுங்கள். அது தயவல்ல, தோழமை.

பால்வெட்டும் சகோதரிகளே! டிராக்டர் உங்கள் நிரையைத் தாண்டிப் போகும்போது, வழக்கமில்லாத சத்தம் கேட்டால் நீங்களும் டிரைவரிடம் சொல்லுங்கள். "எனக்கென்ன தெரியும்" என்று இருந்துவிடாதீர்கள். தினமும் அந்தச் சத்தத்தைக் கேட்கிற உங்கள் காதுக்குத் தெரியும். 1978இல் ஒரு பதினேழு வயதுப் பையனுக்குத் தெரிந்தது, எனக்குத் தெரியவில்லை.

அடுத்த வாரம் பழைய பெர்கின்ஸ் இஞ்சின் ஒன்றை இந்த மண்டபத்துக்குப் பின்புறம் இறக்கி வைக்கச் செயலாளர் ஏற்பாடு செய்திருக்கிறார். நம் பிள்ளைகளை அனுப்புங்கள். பெண் பிள்ளைகளையும் அனுப்புங்கள். எண்ணெய் படிந்த கையோடு பேசுவோம்.